வக்காலத்துக்குப் பின்னால் நிற்பவர் யார்?

வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் வக்கீலைத் தேடிப் போகும் ஒருவர், தம் பக்கத்து நியாயத்தைப் பற்றியும், ஆகப்போகும் செலவைப் பற்றியும், எதிராளியின் செல்வாக்கைப் பற்றியும் இரவெல்லாம் யோசித்திருப்பாரே ஒழிய, தாம் நம்பிப் போவது தனி மனிதர் ஒருவரையா, பலர் சேர்ந்த கூட்டம் ஒன்றையா, அல்லது சட்டமே உயிர் கொடுத்துப் படைத்திருக்கும் ஸ்தாபனம் ஒன்றையா என்பதைச் சற்றும் யோசித்திருக்க மாட்டார். குமாஸ்தா விரலால் சுட்டிக் காட்டிய இடத்தில் அவர் கையெழுத்திடுகிறார். வக்காலத்துப் பத்திரத்தில் கோர்ட்டு ஸ்டாம்பும் வக்கீல்கள் சேமநல நிதி ஸ்டாம்பும் ஒட்டப்படுகின்றன. மூன்று நான்கு வக்கீல்களின் பெயர்கள் பதிவு எண்களோடு அதில் வரிசையாக இருக்கின்றன. அவர்களுக்குள் ஒருவருக்கொருவர் என்ன சம்பந்தம், ஒருவர் வாங்கும் ஃபீஸில் மற்றவருக்குப் பங்கு உண்டா, ஒருவர் செய்யும் பிழைக்கு மற்றவர் ஈடு சொல்லக் கடமைப்பட்டவரா, முதலில் பெயர் உள்ளவர் காலமாகிவிட்டால் கேஸ் கட்டு யார் கைக்குப் போகும் என்பவையெல்லாம் அந்தக் காகிதத்தில் எழுதப்படாத விஷயங்கள்.

எழுதப்படாவிட்டாலும் அவை முன்பே தீர்மானிக்கப்பட்டவைதாம். உலகெங்கும் வக்கீல்கள் தங்கள் தொழிலை நடத்த மேற்கொண்டிருக்கும் அமைப்புகளைத் திரட்டிப் பார்த்தால் அவை ஐந்து உருவங்களில் அடங்கிவிடும்: தனித் தொழில், சேம்பர், கூட்டாண்மை, எல்.எல்.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை, கம்பெனி. இவற்றில் முதல் நான்கையும் நம் நாடு அனுமதித்திருக்கிறது. ஐந்தாவதற்கு இன்னும் கதவைத் திறக்கவில்லை. எந்த உருவத்தை எடுத்துக்கொண்டாலும் கட்சிக்காரர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பிழை நேர்ந்தால் யாருடைய பெயரும் யாருடைய சொத்தும் அதற்குப் பதில் சொல்லும்?

தொழிலும் வியாபாரமும்

சாதாரண வியாபாரி ஒருவர், தனியாகக் கடை நடத்துவதும், மைத்துனரைச் சேர்த்துக்கொள்வதும், கம்பெனியாகப் பதிந்து ஊரார் பணத்தைத் திரட்டுவதும் அவரவர் சௌகரியத்தைப் பொறுத்தவை. வக்கீலுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், நாடு முழுவதற்கும் சட்டத் தொழில் செய்ய அருகதை உள்ளவர் ‘அட்வகேட்’ என்ற ஒரே வகுப்பினர்தாம் என்று விதித்து, அவர்களுடைய நடத்தைக்கு விதிகள் வகுக்கும் அதிகாரத்தை இந்திய பார் கவுன்சிலிடம் ஒப்படைத்தது. அந்த விதிகளின்படி வக்கீல் வேறு வியாபாரம் எதையும் தாமே நின்று நடத்தக் கூடாது. தொழிலின் கண்ணியத்துக்கு இழுக்கு வராத வியாபாரமாக இருந்தால் அதில் முதல் போட்டுவிட்டு ஒதுங்கியிருக்கும் கூட்டாளியாக இருக்கலாம். கம்பெனி ஒன்றின் டைரக்டராகவும் இருக்கலாம், ஆனால் அதன் மானேஜிங் டைரக்டராக இருக்க முடியாது. தொழிலில் இருக்கும்வரை முழுநேரச் சம்பள வேலை பார்க்கக் கூடாது. வழக்கில் கிடைக்கும் பலனில் இத்தனை பங்கு என்று ஃபீஸ் பேசக் கூடாது. விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கக் கூடாது. நம் விஷயத்துக்கு எல்லாவற்றிலும் முக்கியமான விதி வேறொன்று: வக்கீல் அல்லாத எவரோடும் வக்கீல் தம் ஊதியத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு எதையும் செய்துகொள்ளக் கூடாது.

இந்த ஒரே விதியில் கம்பெனி என்ற உருவம் அடிபட்டுப் போகிறது. கம்பெனியின் பங்கு யார் கைக்கு வேண்டுமானாலும் போகும். பங்கு போன வழியே லாபமும் போகும். லாபம் போன வழியே அதிகாரமும் போகும் என்ற அச்சமே இதன் அடிப்படை.

நீதிமன்றங்களும் வக்கீல் அலுவலகத்தை வியாபார நிலையமாகப் பார்க்க மறுத்தே வந்திருக்கின்றன. கேரளத்தின் கடைகள், வணிக நிலையங்கள் சட்டத்தின் கீழ் வக்கீல் அலுவலகமும் வணிக நிலையம்தானா என்ற கேள்வி எழுந்தபோது, தனி வக்கீலின் அலுவலகமும் சரி, வக்கீல்கள் கூடி நடத்தும் ஸ்தாபனத்தின் அலுவலகமும் சரி, அந்த வகையில் சேராது என்று உச்சநீதிமன்றம் 1984-இல் தீர்ப்பளித்தது. வக்கீலின் பணியில் குறை கண்ட கட்சிக்காரர் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று அதே நீதிமன்றம் 2024 மே மாதம் சொன்னது. அவ்வாண்டு ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், இணையத்தின் மூலம் வக்கீல்களை விளம்பரப்படுத்தி அமர்த்திக் கொடுக்கும் நிறுவனங்களைக் கடிந்து, அவற்றின்மேல் நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலைப் பணித்தது. சட்டத் தொழில் ஒரு சேவை, அதன் உயிர் தனி மனிதருடைய மனச்சாட்சியிலும் பொறுப்பிலும் இருக்கிறது என்ற கொள்கையே இந்தத் தீர்ப்புகளுக்கெல்லாம் அடியில் ஓடும் நீரோட்டம்.

தனி வக்கீலும் சேம்பரும்

நம் நாட்டு வக்கீல்களில் மிகப் பெரும்பாலோர் நடத்துவது தனித் தொழிலே. மாவட்டத் தலைநகர் ஒன்றில், கோர்ட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ‘பி.ஏ., பி.எல்.’ என்று பொறித்த பலகை தொங்கும் வீட்டின் முன்னறையில், நாடா கட்டிய கேஸ் கட்டுகளும், முதுகு கிழிந்த சட்ட அறிக்கைத் தொகுதிகளும், வாய்தாத் தேதிகள் குறித்த டைரியும், ஓரத்து மேசையில் குமாஸ்தாவுமாக நடக்கும் அந்தத் தொழிலுக்குப் பார் கவுன்சிலில் பெயரைப் பதிந்துகொள்வதைத் தவிர வேறு பதிவு எதுவும் வேண்டியதில்லை. வருமானம் முழுவதும் அவருடையது, கடன் முழுவதும் அவருடையது, பிழையும் அவருடையதே. பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேறு எந்த உருவத்திலும் இல்லை.

ஆயின் இந்த உருவத்தின் பலவீனமும் அந்த ஒற்றை மனிதரில்தான் இருக்கிறது. வக்காலத்து, சிவில் நடைமுறைச் சட்டத்தின்படி, வக்கீலோ கட்சிக்காரரோ இறந்துவிட்டால் முடிந்து போகிறது. இருபது ஆண்டுகளாக ஒரு பாகப் பிரிவினை வழக்கை நெஞ்சில் சுமந்திருந்தவர் ஒரு நாள் மாரடைப்பில் மறைந்துவிட்டால், கட்சிக்காரர் புதிய வக்கீலைத் தேடிப் புதிய வக்காலத்து எழுதிக் கொடுத்து, கட்டைக் கேட்டு வாங்கி, கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. நடைமுறையில் இந்தச் சங்கடத்தைத் தணிப்பவர் ஜூனியர்.

ஜூனியர் என்றதும் சேம்பர் நினைவுக்கு வருகிறது. சென்னை உயர்நீதிமன்றத்தைச் சுற்றிய தம்புச் செட்டித் தெருவிலும், லிங்கிச் செட்டித் தெருவிலும், அரண்மனைக்காரன் தெருவிலும் மாடி மாடியாக அமைந்திருக்கும் வக்கீல் அறைகளில், சீனியர் ஒருவரைச் சூழ்ந்து ஜூனியர்கள் தொழில் கற்கும் முறை தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரே ஸ்தாபனம்போல் தோன்றினாலும், சட்டத்தின் கண்ணில் அங்கே ஸ்தாபனம் என்று ஒன்றும் இல்லை. ஜூனியர் கூட்டாளி அல்லர். சம்பளக்காரர் என்றும் திட்டமாகச் சொல்ல இயலாது. சீனியர் மனம் வைத்துக் கொடுப்பதைப் பெற்றுக்கொண்டு, கைவழக்குகள் சிலவற்றைத் தாமே நடத்திக்கொண்டு, ஒரு நாள் தனிப் பலகை மாட்டிக்கொண்டு வெளியேறுபவர். இங்கிலாந்தில் பாரிஸ்டர்களின் சேம்பர்களும் இதைப் போன்றவையே. அறை வாடகையையும் குமாஸ்தாவின் ஊதியத்தையும் அவர்கள் சேர்ந்து ஏற்றாலும் ஃபீஸ் அவரவருடையது. அதனால் ஒரே சேம்பரைச் சேர்ந்த இருவர் ஒரே வழக்கில் எதிரெதிராக நின்று வாதாடுவது அங்கே அன்றாடக் காட்சி. ஃபீஸைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டாளிகளாக அவர்கள் இருந்திருந்தால் அது சாத்தியமாகியிருக்காது.

கூட்டாண்மையின் பலமும் பயமும்

வக்கீல்கள் கூட்டாக ஸ்தாபனம் நடத்தும் வழக்கம் இந்தியாவில் வேரூன்றியது ராஜதானி நகரங்களில். அங்கெல்லாம் உயர்நீதிமன்றத்தின் அசல் பிரிவில், கட்சிக்காரரிடம் விவரம் கேட்டு வழக்கைத் தயாரிப்பவர் அட்டர்னி என்ற சாலிசிட்டராகவும், கோர்ட்டில் எழுந்து வாதாடுபவர் பாரிஸ்டராகவும் தொழில் இரண்டாகப் பிரிந்திருந்தது. பாரிஸ்டர்கள் தனித்தனியே நின்றார்கள். சாலிசிட்டர்கள் கூட்டாண்மை அமைத்தார்கள். பம்பாயின் கிராஃபோர்டு பெய்லி 1830-இலும், லிட்டில் அண்டு கம்பெனி 1856-இலும் தொடங்கியவை. சிவில் நடைமுறைச் சட்டத்துக்கு உரை எழுதிப் புகழ் பெற்ற தின்ஷா முல்லாவின் பெயரைத் தாங்கிய முல்லா அண்டு முல்லா 1895-இலும், சென்னையின் கிங் அண்டு பார்ட்ரிட்ஜ் 1908-இலும் தோன்றின. சென்னையில் வக்கீல்களுக்கு அசல் பிரிவிலும் தொழில் செய்யும் உரிமை மற்ற இரு நகரங்களைவிட முந்திக் கிடைத்துவிட்டதனால், சாலிசிட்டர் ஸ்தாபனங்கள் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஓங்கி வளர்ந்ததுபோல் இங்கே வளரவில்லை. சீனியரின் சேம்பரே இங்கே தலைமை பெற்றது. அட்டர்னி என்ற தனி வகுப்பை 1976-இல் செய்த திருத்தம் நீக்கிவிட்டது; ஆனால் அவர்கள் விட்டுச் சென்ற ஸ்தாபனங்கள் இன்றும் பெயர் மாறாமல் நடக்கின்றன.

கூட்டாண்மையை ஆளுவது 1932-ஆம் ஆண்டின் சட்டம். அனைவரும் சேர்ந்தோ, அனைவருக்காகவும் சிலரோ நடத்தும் தொழிலின் லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளச் சம்மதித்தவர்களுக்குள் உண்டாகும் உறவே கூட்டாண்மை என்பது அதன் இலக்கணம். கூட்டாளி ஒவ்வொருவரும் ஸ்தாபனத்தின் ஏஜெண்டு. ஆகவே ஸ்தாபனத்தின் காரியமாக ஒருவர் செய்வது எல்லோரையும் கட்டுப்படுத்தும். ஸ்தாபனத்தின் கடனுக்கு எல்லோரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகள். ஸ்தாபனத்தின் பணம் போதாவிட்டால் கூட்டாளியின் வீட்டையும் நிலத்தையும் கடன்காரர் தொடலாம். நான்கு கூட்டாளிகளில் மூவர் கையை விரித்துவிட்டால் நான்காமவரிடமே முழுத் தொகையையும் வசூலிக்கலாம்.

இந்தப் பொறுப்பு எவ்வளவு பயங்கரமானது என்பதைச் சென்னை நகரம் ஒரு காலத்தில் கண்கூடாகக் கண்டது. ஆர்பத்நாட் கம்பெனி என்ற பெயர் பெற்ற வணிக, வங்கி ஸ்தாபனம், பெயரில் கம்பெனி என்று இருந்தாலும் உண்மையில் கூட்டாண்மை. அதன் கூட்டாளிகளில் ஒருவரான மக்ஃபாடியன் லண்டனில் இருந்துகொண்டு துணிகரமான வியாபாரங்களில் பணத்தை இறைத்தார். 1906 அக்டோபரில் எல்லாம் முறிந்ததும் ரயிலின் முன் விழுந்து மாண்டார். இரண்டே நாளில் சென்னை ஸ்தாபனம் கதவை மூடியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அதோடு போயிற்று. தலைமைக் கூட்டாளி சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறை சென்றார். அந்தச் சிதைவைக் கண்டு, மறு ஆண்டே பங்கு மூலதனத்தோடு இந்தியன் வங்கியை உருவாக்க முன்நின்றவர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் என்ற வக்கீல். கடல் கடந்து இருக்கும் ஒருவரின் செயல் தன் வீட்டு வாசலில் ஜப்தியாக வந்து நிற்கக்கூடும் என்ற உண்மையை வக்கீல்கள் அறியாதவர்கள் அல்லர்.

அறிந்தும் அவர்கள் கூட்டாண்மையை விரும்பியதற்குக் காரணம் உண்டு. நில உரிமை அறிந்தவர் ஒருவர், வரிச் சட்டம் அறிந்தவர் ஒருவர், கோர்ட்டில் வாதாட வல்லவர் ஒருவர் என்று ஒரே கூரையின் கீழ் சேரும்போது கட்சிக்காரருக்கு அலைச்சல் குறைகிறது. ஒருவர் மறைந்தாலும் ஒப்பந்தத்தில் முன்யோசனையோடு எழுதி வைத்திருந்தால் ஸ்தாபனம் கலையாமல் தொடர்கிறது. எழுதி வைக்காவிட்டால் கூட்டாளியின் மரணத்தோடு கூட்டாண்மையும் முடிந்துவிடும் என்பது சட்டம். கூட்டாண்மையைப் பதிவுத்துறையில் பதிவது கட்டாயம் அன்று. ஆனால் பதியாத ஸ்தாபனம் தனக்கு வரவேண்டிய பாக்கிக்காகப் பிறர்மேல் வழக்குப் போட முடியாது. ஊராருக்கெல்லாம் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தம் சொந்தக் கூட்டாண்மைப் பத்திரத்தைப் பதியாமல் விட்டுவிடும் வக்கீல்களும் உண்டு என்பது தொழிலுக்குள் வழங்கும் வேடிக்கைப் பேச்சு.

கூட்டாண்மையின் வளர்ச்சிக்கு நெடுங்காலம் ஒரு வேலி இருந்தது. 1956-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி இருபது பேருக்கு மேல் ஆதாயத்துக்காகக் கூட்டுச் சேர்ந்தால் கம்பெனியாகப் பதிந்தாக வேண்டும். வக்கீல்களோ கம்பெனியாகப் பதிய முடியாது. ஆகவே இருபதுக்கு மேல் கூட்டாளிகள் தேவைப்பட்ட பெரிய ஸ்தாபனங்கள், நகரத்துக்கு ஒன்றாகத் தனித்தனிக் கூட்டாண்மைகளை அமைத்து, பொதுப் பெயரால் மட்டும் இணைந்து நின்றன. இங்கிலாந்து 1967-இலேயே சாலிசிட்டர்களுக்கு இந்த எண்ணிக்கைத் தடையை நீக்கிவிட்டது. நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம்தான், தனிச் சட்டங்களால் ஆளப்படும் தொழில்முறையாளரின் கூட்டாண்மைக்கு அந்த வரம்பு இல்லை என்று விலக்கு அளித்தது.

வேலி போனாலும் குடும்பச் சுபாவம் போய்விடவில்லை. நம் பெரிய சட்ட ஸ்தாபனங்கள் பலவும் குடும்பத்தின் சொத்தாகவே வளர்ந்தவை. 1917-இல் தோன்றி நாட்டின் முன்வரிசை ஸ்தாபனமாக உயர்ந்த அமர்சந்த் மங்கள்தாஸ், 2015-இல் ஷார்துல், சிரில் என்ற சகோதரர் இருவரின் தலைமையில் இரண்டு ஸ்தாபனங்களாகப் பிரிந்தது. இருவரும் பழைய பெயருக்கு முன்னால் தத்தம் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். பெயர்தான் அந்தத் தொழிலின் பெருஞ்சொத்து என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

பொறுப்புக்கு வரையறை

அமெரிக்காவில் 1980-களில் நூற்றுக்கணக்கான சேமிப்பு, கடன் சங்கங்கள் திவாலாயின. இழந்த பணத்தை மீட்கப் புறப்பட்ட அரசு அதிகாரிகள், அந்தச் சங்கங்களுக்கு யோசனை சொன்ன வக்கீல்களின்மேலும் கணக்கர்களின்மேலும் வழக்குத் தொடுத்தார்கள். யோசனை சொன்னவர் ஒருவர். ஆனால் கூட்டாண்மைச் சட்டத்தின்படி, அந்தக் கட்டின் நாடாவைக்கூடப் பிரித்துப் பார்த்திராத கூட்டாளிகள் அனைவரும் தம் சொந்தச் சொத்தோடு பிரதிவாதிகளானார்கள். இந்தத் திகிலில் பிறந்ததே எல்.எல்.பி. டெக்ஸாஸ் மாநிலம் 1991-இல் முதன்முதலாக அதற்குச் சட்டம் செய்தது; மற்ற மாநிலங்கள் விரைந்து பின்பற்றின; இங்கிலாந்து 2000-ஆம் ஆண்டில் சட்டமியற்றி மறு ஆண்டு அமல்படுத்தியது; இந்தியாவின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் 2009 மார்ச் 31 அன்று நடைமுறைக்கு வந்தது.

எல்.எல்.பி. என்பது கூட்டாளிகளிலிருந்து வேறுபட்ட சட்ட நபர். அது தன் பெயரில் சொத்து வாங்கும், வழக்குத் தொடுக்கும், கூட்டாளி இறந்தாலும் விலகினாலும் தான் இருக்கும். அதன் கடன் அதன் சொத்தோடு நிற்கிறது. தாம் செய்த பிழைக்கு அந்தந்தக் கூட்டாளி பொறுப்பே. ஆனால் மற்றவர் செய்த பிழைக்கு அவருடைய வீடு வாசல் ஜப்தியாகாது. மோசடி செய்யும் எண்ணத்தோடு நடந்தவருக்கு மட்டும் இந்தக் கவசம் கிடையாது. கவசத்துக்கு விலையாகச் சட்டம் பகிரங்கத்தைக் கேட்கிறது: ஆண்டுதோறும் மத்திய அரசின் பதிவாளரிடம் ஆண்டறிக்கையும், கணக்கும் கடன் தீர்க்கும் சக்தியும் பற்றிய அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும், ஆண்டு வரவு நாற்பது லட்சம் ரூபாயையோ கூட்டாளிகள் இட்ட முதல் இருபத்தைந்து லட்சத்தையோ தாண்டினால் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும். அந்த ஆவணங்களை உரிய கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். தனி வக்கீலின் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்க எவருக்கும் உரிமை இல்லாத தொழிலில் இது சிறிய மாறுதல் அன்று.

எனினும் உருவத்தை மாற்றியதனாலேயே ஸ்தாபனம் உறுதிப்பட்டுவிடும் என்று நம்புவது பேதைமை. நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட டியூயி அண்டு லபோஃப், 2007-இல் இரண்டு ஸ்தாபனங்களின் சேர்க்கையால் பிறந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட வக்கீல்களோடு விளங்கிய எல்.எல்.பி.; வழக்குகளை இழுத்து வரக்கூடிய கூட்டாளிகளுக்கு, வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுக்கு இத்தனை கோடி என்று அது உத்தரவாதம் எழுதிக் கொடுத்தது; வருமானம் குறைந்தபோது கொடுக்க வழியில்லாமல் 2012 மே மாதம் திவால் மனுப் போட்டது. லாபத்தைப் பங்கிடுபவர்கள் நஷ்டத்தையும் பங்கிடுவார்கள் என்ற பழைய தர்மத்தை உத்தரவாதச் சம்பளம் கரைத்துவிட்ட இடத்தில், கூட்டாளிகள் கப்பல் மூழ்குமுன் தாவிக் குதிக்கத் தயாரான பிரயாணிகள் ஆகிவிட்டார்கள்.

பங்குச் சந்தைக்குப் போன வக்கீல்கள்

ஐந்தாவது உருவமான கம்பெனியை முழுமனதோடு சோதித்துப் பார்த்த தேசம் ஆஸ்திரேலியா. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2001-இல், வக்கீல்கள் கம்பெனியாகப் பதிந்துகொள்ளலாம், அதன் பங்குகளை வக்கீல் அல்லாதாரும் வைத்திருக்கலாம் என்று அனுமதித்தது. மெல்பர்னில் 1935-இல் தோன்றி, தொழிற்சங்கத்தாருக்கும் வேலையில் காயம்பட்ட தொழிலாளருக்கும் வழக்காடிப் பேர் பெற்ற ஸ்லேட்டர் அண்டு கார்டன், 2007 மே மாதத்தில் தன் பங்குகளை ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. உலகிலேயே அவ்விதம் செய்த முதல் சட்ட ஸ்தாபனம் அதுவே. தன் கடமை முதலாவது நீதிமன்றத்துக்கு, இரண்டாவது கட்சிக்காரருக்கு, மூன்றாவதுதான் பங்குதாரருக்கு என்று பங்கு விற்ற ஆவணத்திலேயே அது எழுதி வைத்தது.

எழுதியது நேர்மையான எழுத்தே. ஆனால் பங்குச் சந்தைக்கு ஒரு பசி உண்டு. ஆண்டுக்கு ஆண்டு வளர்ச்சியைக் காட்டினால்தான் அது அடங்கும். ஒரு டாலருக்கு வெளியிட்ட பங்கு 2015-இல் ஏழு டாலரைத் தாண்டிய வேளையில், இங்கிலாந்தில் குவிண்டெல் என்ற கம்பெனியின் விபத்து வழக்குப் பிரிவை அறுபது கோடிப் பவுனுக்கு மேல் கொடுத்து அந்த ஸ்தாபனம் வாங்கியது. எதிர்பார்த்த வருமானம் அதிலிருந்து வரவில்லை. வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. பங்கின் விலை காசுக்கு இறங்கியது. 2017-இல் கடன் கொடுத்தவர்களே தொண்ணூற்றைந்து சதவிகிதப் பங்கை எடுத்துக்கொண்டார்கள். கட்சிக்காரர்களின் வழக்குகள் நின்றுவிடவில்லை என்பது உண்மை. ஆனால் அவர்களுடைய வழக்கு நடக்கும் வீட்டின் சொந்தக்காரர் அவர்களுக்கு முகமே தெரியாத கடன்காரர் ஆனார் என்பதும் உண்மை.

இதைக் காட்டிக் கம்பெனி உருவத்தையே சபிப்பவர் உண்டு; நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். இங்கிலாந்து 2007-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் சட்டத்தின் மூலம் வக்கீல் அல்லாதாரும் சட்ட ஸ்தாபனத்துக்கு உடைமையாளராக இருக்க வழி செய்து, 2012 மார்ச் மாதத்தில் சாலிசிட்டர்களின் கண்காணிப்பு அமைப்பு முதல் அனுமதிகளை வழங்கியபோது அவற்றில் ஒன்றைப் பெற்றது கூட்டுறவு ஸ்தாபனம் ஒன்றின் சட்டப் பிரிவு. 2015-இல் கேட்லி என்ற ஸ்தாபனம் லண்டன் பங்குச் சந்தைக்குப் போயிற்று. அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் இதை இன்னும் தடுக்கின்றன. அரிசோனா மட்டும் 2021 முதல் தடையை நீக்கியிருக்கிறது. நம் நாட்டில், வெளிநாட்டு வக்கீல்களின் பிரவேசத்தை எதிர்த்துச் சென்னை வக்கீல் ஒருவர் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்று 2018-இல் முடிந்தது. எப்போதாவது வந்து யோசனை சொல்லிப் போகலாம், இங்கே தங்கித் தொழில் நடத்த முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பார் கவுன்சில் 2023-இல் விதி வகுத்து, கோர்ட்டு சம்பந்தமில்லாத வெளிநாட்டுச் சட்ட யோசனைக்கு மட்டும், பரஸ்பர அடிப்படையில், வாசலைச் சற்றுத் திறந்திருக்கிறது. பெரும் ஸ்தாபனங்களோடு போட்டி வரும் நாளில், மூலதனத்துக்காக நம்மவரும் கம்பெனி உருவத்தைக் கேட்கக்கூடும்.

விடுபட்ட ஒரு கண்ணி

அந்த நாள் வருவதற்குள் நாம் செய்ய வேண்டிய காரியம் ஒன்று பாக்கி இருக்கிறது. பொறுப்புக்கு வரையறை கட்டிய இங்கிலாந்து, அதற்கு ஈடாகக் கட்சிக்காரருக்கு வேறொரு காப்பை வைத்தது. தனியாகத் தொழில் செய்யும் சாலிசிட்டரும் சாதாரணக் கூட்டாண்மையும் குறைந்தது இருபது லட்சம் பவுனுக்கும், எல்.எல்.பி.யாகவோ கம்பெனியாகவோ நடப்பவர்கள் முப்பது லட்சம் பவுனுக்கும் தொழில் பிழை இன்ஷூரன்ஸ் எடுத்தே தீர வேண்டும். கூட்டாளியின் வீட்டைத் தொட முடியாது என்று சொன்ன சட்டம், வேறு வழியைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறது. நாம் எல்.எல்.பி.யை வாங்கிக்கொண்டோம், அதன் கூடவே வந்திருக்க வேண்டிய இன்ஷூரன்ஸை வாங்கிக்கொள்ளவில்லை. வக்கீல் எவரும் தொழில் பிழைக்கு இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இந்தியாவில் இல்லை. நுகர்வோர் நீதிமன்றத்தின் கதவும் அடைபட்ட பிறகு, காலக்கெடு தவறி அப்பீல் தாக்கலானதால் நிலத்தை இழந்த குடியானவர், தம் வக்கீல்மேல் பார் கவுன்சிலில் ஒழுங்கீனப் புகார் கொடுக்கலாம். நஷ்ட ஈடு வேண்டுமானால் சிவில் கோர்ட்டில் இன்னொரு வழக்குப் போட வேண்டும். அதற்கும் ஒரு வக்கீல் வேண்டும்.

தனி மனிதரின் பொறுப்பே இந்தத் தொழிலின் உயிர் என்று சொல்லித்தான் கம்பெனிக்குக் கதவை அடைத்தோம். வியாபாரம் அன்று என்று சொல்லித்தான் நுகர்வோர் சட்டத்திலிருந்து விலக்கும் பெற்றோம். பொறுப்பு என்பது பலகையில் எழுதும் அலங்காரமாக நின்றுவிடாமல், பிழையால் நஷ்டப்பட்டவர் கையில் பணமாகவும் பலிக்க வேண்டுமானால், எந்த உருவத்தில் தொழில் நடத்துபவரும், ஊர் மூலையில் தனியாக இருப்பவர் உட்பட, தம் வரவுக்கேற்ற அளவில் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று பார் கவுன்சில் விதிக்க வேண்டும். ஏழை வக்கீலுக்குச் சேமநல நிதியே பிரீமியத்தில் ஒரு பகுதியை ஏற்கலாம். அதுவரையில் கட்சிக்காரர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியதுதான். எல்.எல்.பி.யின் கூட்டாளிகள் யார் என்பதை மத்திய அரசின் பதிவேட்டிலும், பதிந்த கூட்டாண்மையின் உறுப்பினர் யார் என்பதைப் பதிவுத்துறையின் பதிவேட்டிலும் பார்த்துக்கொள்ளலாம். வக்காலத்தில் கையெழுத்திடுமுன், ‘என் வழக்கை நடத்தப் போகிறவர் யார், ரசீது யார் பெயரில் வரும், தொழில் பிழைக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?’ என்று மரியாதையாகவே கேட்கலாம். நேர்மையான வக்கீல் எவரும் அந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.